ஆள்காட்டி சொன்ன ஆலங்கட்டி மழை

சீகைக்காட்டுக் குளத்தில் ஓர் ஆள்காட்டிக் குருவி இருந்தாள். பெயர் கோமளம். யார் வைத்தார்களோ, குரலுக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமே கிடையாது. அவள் வாயைத் திறந்தால் எதிர்க்கரையில் தூங்குகிற உடும்பு எழுந்து உட்காரும்.

நாய் வந்தால் கத்துவாள். நரி வந்தால் கத்துவாள். காய்ந்த சருகு ஒன்று காற்றில் உருண்டு வந்தாலும் அதே கத்தல், அதே சுருதி. அவளுடைய கணவன் சாமியப்பன் மட்டும் அந்தச் சத்தத்திலும் ஒற்றைக்காலில் நின்று தூங்குவான். சில கணவர்களுக்கு அந்தக் கொடுப்பினை உண்டு.

சித்திரை வெயிலில் குளம் வற்றிப்போய் நடுவில் ஒரு குட்டை மட்டும் மிச்சம் இருந்தது. மற்றதெல்லாம் வெடித்த மண்ணும் கூழாங்கல்லும்தான். கூழாங்கற்கள் குவிந்த ஒரு மேட்டில் கோமளம் நான்கு முட்டை இட்டிருந்தாள். கூடு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நாலு கல்லை ஒதுக்கி ஒரு பள்ளம், அவ்வளவுதான். முட்டையும் கல்லும் ஒரே நிறம், யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்பது ஆள்காட்டிகளின் பரம்பரை நம்பிக்கை. கண்டுபிடிக்க முடியாது, சரி. தெரியாமல் மிதிக்க முடியுமே?

அதனால்தான் எருமை காத்தாயியோடு தினமும் சண்டை. காத்தாயி குட்டையில் புரண்டுவிட்டு அந்த வழியாகத்தான் கரையேறுவாள்.

"ஏய் எருமை! கண் எங்கே இருக்கிறது? வலது காலைத் தள்ளி வை. இன்னும் தள்ளி. அந்த வெள்ளைக் கல்லைத் தாண்டாதே."

"வழி எனக்கும் பொதுதானே" என்பாள் காத்தாயி.

"வழி பொது. முட்டை என்னுடையது."

காத்தாயி காலைத் தள்ளி வைத்துவிட்டுப் போவாள். மறுநாள் மறுபடி இதே பாட்டு.

கோமளம் இப்படி ஆனதற்கு ஒரு காரணம் இருந்தது. போன வருஷமும் இதே மேட்டில் நான்கு முட்டைகள் இட்டாள். இதே மாதம், இதே வெயில். ஒரு மத்தியானம் மேற்கு மலையிலிருந்து கறுப்பாக ஒரு மேகம் வந்தது. மழைதானே என்று எல்லோரும் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆனால் விழுந்தது தண்ணீர் இல்லை, கல். நெல்லிக்காய் அளவு ஆலங்கட்டிகள் கால் மணி நேரம் விழுந்தன. வானம் வெளுத்தபோது மேட்டில் மஞ்சள் கரு மட்டும் வழிந்துகொண்டிருந்தது.

அன்றைக்குத்தான் கோமளம் ஒரு முடிவு எடுத்தாள். இனி அந்தக் கல் வருவதற்கு முன்னால் தனக்குத் தெரிந்தாக வேண்டும்.

தெரிந்துகொள்ள அவளிடம் ஒரு வழியும் இருந்தது. வெயில் நாளில் முட்டை வெந்துவிடாமல் இருக்க, ஆள்காட்டிகள் குட்டையில் இறங்கி வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் உட்காருவார்கள். கோமளம் ஒரு நாளைக்கு இருபது நடை போய் வருவாள். குட்டைக்கும் மேட்டுக்கும் அறுபது அடி தூரம். வறண்ட நாளில் நாற்பதாவது அடியிலேயே பாதி ஈரம் காற்றோடு போய்விடும். சில நாளில் மட்டும் அறுபது அடி வந்த பிறகும் இறகு சொட்டும். உட்கார்ந்து அரை மணி ஆனாலும் காயாது. அழுக்குத் துணியைப் போர்த்திக்கொண்ட மாதிரி உடம்பெல்லாம் பிசுபிசுக்கும். போன வருஷம் கல் விழுந்த அன்றைக்கும் இறகு காயவே இல்லை. அது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

முட்டை இட்ட ஏழாம் நாள் இறகு காயவில்லை.

உடனே கோமளம் வானத்தில் ஏறிக் கத்தினாள். "ஆலங்கட்டி! ஆலங்கட்டி வருகிறது! எல்லோரும் ஓடுங்கள்!"

முயல் பூவாத்தாள் மூன்று குட்டிகளையும் இழுத்துக்கொண்டு கரையில் இருந்த பழைய கல் மண்டபத்துக்குள் ஓடினாள். கௌதாரிகள் ஓடின. உடும்பு ஓடியது. சாயங்காலம் வரை அந்த இருட்டில் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு நின்றார்கள். வெளியே ஒரு பொட்டு மழை கூட இல்லை.

பதினோராம் நாளும் அதே கதைதான். இறகு காயவில்லை, கோமளம் கத்தினாள், கூட்டம் ஓடியது, வானம் வெறுமனே உறுமிவிட்டுப் போய்விட்டது.

மண்டபத்திலிருந்து முதலில் வெளியே வந்தவன் மயில் பொன்னுரங்கம். தோகையில் ஒட்டியிருந்த ஒட்டடையை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டே வந்தான்.

அந்தக் குளத்தில் மழைச் செய்தி சொல்வது மயிலின் உரிமை. மேகம் தெரிந்தால் பொன்னுரங்கம் கரையில் ஏறித் தோகை விரித்து ஆடுவான். எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வட்டமாக உட்கார்ந்து பார்ப்பார்கள். மழை வந்தால் அவன் ஆடியதால் வந்தது. வராவிட்டால் ஆட்டத்தையாவது பார்த்தோமே என்று திரும்பிப் போவார்கள். இவ்வளவு வசதியான ஜோசியம் உலகத்தில் வேறு இல்லை.

"கோமளம் அம்மாளுக்கு என்மேல் என்ன கோபமோ, தெரியவில்லை" என்றான் பொன்னுரங்கம். "இரண்டு முறை ஆட்டத்தைக் கெடுத்துவிட்டார்கள். நான் மழை வரும் என்று சொல்வேன். இவர்கள் கல் வரும் என்கிறார்கள். எது கேட்க நன்றாக இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்."

"கேட்க நன்றாக இருப்பதற்கு நான் என்ன பாட்டுக் கச்சேரியா நடத்துகிறேன்?" என்றாள் கோமளம்.

பூவாத்தாள் குட்டிகளின் காதைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "கோவித்துக்கொள்ளாதே அக்கா. போன தடவையே என் சின்னவனை உள்ளே யாரோ மிதித்துவிட்டார்கள். நாலு நாளாக நொண்டுகிறான். சருகைப் பார்த்தாலும் கத்துகிறாய், கல்லுக்கும் கத்துகிறாய். நாங்கள் எதை என்று எடுத்துக்கொள்வது? இனிமேல் நீ கத்தினால் நாங்கள் ஓடப் போவதில்லை."

எல்லோரும் தலையாட்டினார்கள். காத்தாயி மட்டும் தலையாட்டவில்லை. ஆனால் அவள் எதற்குமே தலையாட்டுவதில்லை என்பதால் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

கோமளம் மேட்டுக்கு வந்து முட்டை மேல் உட்கார்ந்தாள்.

"கேட்டாயா அவர்கள் பேசியதை?" என்றாள் சாமியப்பனிடம்.

"பார்க்கலாம்" என்றான் சாமியப்பன்.

"என்னத்தைப் பார்க்கலாம்? போன வருஷம் பார்த்தோமே, அது போதாதா?"

சாமியப்பன் அடுத்த காலுக்கு மாறி நின்றான்.

அப்போது பனைமரத்து உச்சியிலிருந்து ஒரு குரல் கேட்டது. "அவர்கள் சொன்னதும் தப்பு, நீ சொன்னதும் பாதி தப்பு."

பேசியவர் செம்பருந்து வீரணன். குட்டையில் செத்து மிதக்கிற மீனுக்காகக் கோடை முழுக்க அந்தப் பனையில் குடியிருப்பவர். கோமளம் இறகைச் சிலிர்த்துக்கொண்டு எழுந்தாள்.

"கீழே இறங்கினால் கண்ணைக் கொத்திவிடுவேன்."

"இறங்கவில்லை தாயே. வயிறு நிறைய மீன் இருக்கிறது. சொல்வதைக் கேள். நீ கத்திய இரண்டு நாளும் ஆலங்கட்டி விழுந்தது."

கோமளத்தின் வாய் மூடிக்கொண்டது. அது அபூர்வம்.

"விழுந்தது இங்கே இல்லை. வடக்கே, வாழைத் தோப்பில். நான் மேலே இருந்து பார்த்தேன். ஒரு இலை மிச்சமில்லை, எல்லாம் தோரணம் மாதிரி கிழிந்து தொங்குகிறது. பாவம், முப்பது கிளிகள் செத்துக் கிடந்தன. தோப்புக்கு அந்தப் பக்கம் ஒரு துளி கூட இல்லை. ஆலங்கட்டி அப்படித்தான், அகலமாக விழாது. ஒரு பட்டையாக இழுத்துக்கொண்டு போகும்."

"அப்படியானால் நான் சொன்னது சரி. அந்த மயிலைக் கூப்பிட்டு இதைச் சொல்லுங்கள். இப்போதே சொல்லுங்கள்."

"நாள் சரி. இடம் தப்பு. உனக்கு இடம் தெரியாது, தெரியாது என்பதையும் நீ சொல்லவில்லை. எல்லோருக்கும் பொதுவாக ஒரு கத்தல். நாய்க்கும் அதே கத்தல், கல்லுக்கும் அதே கத்தல். கேட்கிறவன் என்ன செய்வான்?"

கோமளத்துக்குக் கோபம் வந்தது. சொன்னது உண்மையாக இருந்தால் வருகிற கோபம் அது, சீக்கிரம் ஆறாது. குட்டைக்கு ஒரு நடை போய் நனைந்து வந்த பிறகுதான் பேசினாள்.

"இடம் உங்களுக்குத் தெரியுமா?"

"ஓரளவு தெரியும். மேற்கு மலையில் இரண்டு கணவாய். மேகம் வடக்குக் கணவாய் வழியாக இறங்கினால் தோப்புக்குப் போகும். தெற்குக் கணவாய் வழியாக இறங்கினால் நம் தலையில். ஆனால் மேகம் கல்லைச் சுமக்கிறதா, வெறும் தண்ணீரா என்பது எனக்குக் கடைசி நேரத்தில்தான் தெரியும். காற்று என்னைத் தூக்கும். சாதாரண நாளில் மெதுவாகத் தூக்கும். அந்த மாதிரி நாளில் சிறகை மடக்கினாலும் இறங்க விடாது. மேகத்துக்குள் அந்தக் காற்றுதான் ஐஸைக் கீழே விடாமல் மறுபடி மறுபடி மேலே எறிகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு படலம் ஏறும். காற்றால் தாங்க முடியாத கனம் ஆனதும் விழும். காற்று எவ்வளவு பலமோ, கல் அவ்வளவு பெரிது. போன வருஷம் அதில் மாட்டிக்கொண்டு நான் பிழைத்ததே பெரிய விஷயம். எனக்குக் காலையிலேயே தெரிய வேண்டும். உனக்குத் தெரிகிறது."

"என் வயிறு காயாவிட்டால் காலையிலேயே தெரியும்" என்றாள் கோமளம் மெல்ல.

"கீழே ஈரம் நீ பார். மேலே காற்று நான் பார்க்கிறேன். முட்டையைத் தொட மாட்டேன்."

"குஞ்சை?"

வீரணன் கொஞ்சம் யோசித்தார். "இந்தக் கோடை முழுக்க, குஞ்சையும்."

அன்றிலிருந்து தினமும் காலையில் கோமளம் பனையடிக்கு வந்து இறகின் நிலவரம் சொல்வாள். உச்சி வெயிலில் வீரணன் மேலே போய் வந்து காற்றின் நிலவரம் சொல்வார். பதினெட்டாம் நாள் இறகு காயவில்லை. கோமளத்துக்குத் தொண்டை அரித்தது. வாயைக் கெட்டியாக மூடிக்கொண்டு காத்திருந்தாள். மத்தியானம் வீரணன் வந்து, "வடக்குக் கணவாய், தோப்புப் பக்கம்" என்றார். அப்படியே போயிற்று. இருபத்திரண்டாம் நாள் இறகு காயவில்லை, ஆனால் காற்று அவரைத் தூக்கவில்லை. சாயங்காலம் வெறும் தூறல்தான். பொன்னுரங்கம் ஆடினான், எல்லோரும் கைதட்டினார்கள், கோமளம் பல்லைக் கடித்தாள். பல் இருந்திருந்தால்.

இருபத்தாறாம் நாள் வந்தது. முட்டைக்குள் குஞ்சுகள் தட்டுகிற சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. இன்னும் ஒரு நாள், மிஞ்சிப்போனால் இரண்டு.

அன்று காலை முதல் நடையிலேயே இறகு காயவில்லை. மூன்றாவது நடையில் இறகு மட்டும் இல்லை, காலில் ஒட்டிய சேறு கூடக் காயவில்லை. கிழக்கிலிருந்து கடல் காற்று கனத்துப்போய் ஊர்ந்து வந்தது. உச்சிப் பொழுதுக்கு முன்பே மேற்கு மலைக்கு மேல் ஒரு மேகம் வெள்ளைக் காலிஃபிளவர் மாதிரி கொப்பளித்துக்கொண்டு ஏறியது. ஏறி ஏறி உச்சியில் தட்டையாகப் பரந்தது.

வீரணன் சிறகை அடித்துக்கொண்டு வந்து பனையில் விழுந்தார். மூச்சு வாங்கியது.

"இறங்கவே விடவில்லை. தலைகீழாக விழுந்துதான் தப்பினேன். எலுமிச்சம்பழம் அளவு வரும்."

"எந்தக் கணவாய்?"

"அதுதான் கஷ்டம். இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இத்தனை வருஷத்தில் நான் பார்த்தவரை, இப்படி நின்றது பத்தில் ஆறு முறை நம் பக்கம் இறங்கும். நாலு முறை அந்தப் பக்கம். பனை நிழல் குட்டையைத் தொடும்போது தெரியும்."

கோமளத்தின் தொண்டை தானாகத் திறந்தது. வானத்தில் ஏறிக் கத்தினால் ஒரு நொடியில் வேலை முடிந்துவிடும். ஆனால் யாரும் வர மாட்டார்கள். தொண்டையை மூடிக்கொண்டு நடந்து போனாள்.

முதலில் பூவாத்தாளின் புதருக்கு.

"பூவாத்தாள், ஒரு நிமிஷம்" என்றாள் தாழ்ந்த குரலில்.

பூவாத்தாள் நடுங்கிப்போனாள். கோமளம் மெதுவாகப் பேசி அவள் கேட்டதே இல்லை. "என்ன அக்கா, உடம்பு சரியில்லையா?"

"இன்றைக்கு ஆலங்கட்டி வரலாம். பெரிய கல். பனை நிழல் குட்டையைத் தொடுகிற நேரத்துக்கு. பத்துக்கு ஆறு இங்கே விழும், நாலு தோப்புப் பக்கம் போய்விடும். மண்டபத்துக்குள் போ. கரையில் இருக்கிற புளியமரத்தடியில் நிற்காதே, இடி விழும். அவசரம் இல்லை, இப்போதே கிளம்பினால் யாரும் யாரையும் மிதிக்க வேண்டாம்."

"வருமா வராதா, ஒரே வார்த்தையில் சொல்லேன் அக்கா."

"ஒரே வார்த்தையில் சொல்ல நான் வானம் இல்லை. தெரிந்தது இவ்வளவுதான். வராவிட்டால் ஒரு மணி நேரம் மண்டபத்தில் சும்மா உட்கார்ந்திருப்பாய். வந்தால் உன் சின்னவனால் ஓட முடியுமா? அதை மட்டும் யோசி."

பூவாத்தாள் நொண்டுகிற குட்டியைப் பார்த்தாள். பிடரியைக் கவ்வித் தூக்கிக்கொண்டாள்.

கௌதாரிகளிடமும் உடும்பிடமும் இதையே சொன்னாள். கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். வரிசையாகக் கிளம்பினார்கள்.

கரையில் பொன்னுரங்கம் தோகையைக் கோதிக்கொண்டிருந்தான். அவனிடமும் சொன்னாள்.

"பத்துக்கு ஆறா?" என்று சிரித்தான் பொன்னுரங்கம். "பாருங்கள், இந்த அம்மாளுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. நான் நிச்சயமாகச் சொல்கிறேன், நல்ல மழை. இவ்வளவு பெரிய மேகம் ஐந்து வருஷத்தில் வந்ததில்லை. இன்றைக்கு ஆடாமல் என்றைக்கு ஆடுவது?"

"ஆடு. பார்க்கத்தான் ஆள் இருக்க மாட்டார்கள்" என்று சொல்லிவிட்டுக் கோமளம் திரும்பினாள்.

எல்லோருக்கும் மண்டபம் இருந்தது. அவளுடைய நான்கு முட்டைகளுக்கு ஒன்றும் இல்லை. ஆள்காட்டியால் முட்டையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. மேலே உட்காரலாம். எலுமிச்சம்பழம் அளவு கல் விழுந்தால் அவளும் சாவாள், முட்டையும் உடையும்.

"நான் உட்காருகிறேன். நீ மண்டபத்துக்குப் போ" என்றான் சாமியப்பன்.

கோமளம் அவனைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவன் பேசிய மிக நீளமான பேச்சு அது.

"நீ உட்கார்ந்து ஆகப்போவது என்ன? இரு, வருகிறேன்."

குட்டையில் காத்தாயி மூக்கு மட்டும் தெரியப் படுத்திருந்தாள். கோமளம் விளிம்பில் போய் நின்றாள்.

"காத்தாயி அக்கா."

காத்தாயி ஒரு கண்ணைத் திறந்தாள். "யாரைக் கூப்பிடுகிறாய்?"

"உங்களைத்தான்."

"நேற்று வரைக்கும் நான் ஏய் எருமை. கண் எங்கே இருக்கிறது என்று கேட்டாய். மூளை இருக்கிறதா என்று முந்தாநாள் கேட்டாய். இன்றைக்கு அக்காவா?"

"திட்டினேன். தப்புதான்" என்றாள் கோமளம். அந்தச் சொல் தொண்டையில் மீன் முள் மாதிரி சிக்கி வெளியே வந்தது. "ஆலங்கட்டி வரலாம். நிச்சயம் இல்லை, பத்துக்கு ஆறு. வந்தால் என் முட்டை நாலும் போய்விடும். உங்கள் முதுகுத் தோல் தடிமன். மேட்டில் நாலு காலையும் ஊன்றி மேலே நிற்பீர்களா? அடி விழும். வலிக்காது என்று சொல்ல மாட்டேன், வலிக்கும்."

காத்தாயி வெகுநேரம் அசை போட்டாள். பனை நிழல் குட்டையை நோக்கி நீண்டுகொண்டிருந்தது. கோமளம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

"இருட்டிப்போனால் முட்டை எங்கே என்று எனக்குத் தெரியுமா, கேட்க மாட்டாயா?" என்றாள் காத்தாயி கடைசியில்.

"தெரியுமா அக்கா?"

"வலது முன்கால் வெள்ளைக் கல்லுக்கு இந்தப் பக்கம். இடது முன்கால் பிளந்த கல் மேல். பின்கால் இரண்டும் காய்ந்த கோரைக்கு வெளியே. மாதம் முழுக்கக் காது கிழியச் சொல்லிக் கொடுத்தாயே. கண்ணை மூடிக்கொண்டு கூட நிற்பேன்."

காத்தாயி தண்ணீர் சொட்டச் சொட்ட எழுந்து வந்தாள். சொன்னபடியே நாலு காலையும் வைத்தாள். ஒரு கூழாங்கல் கூட நகரவில்லை. கோமளமும் சாமியப்பனும் அந்த வயிற்றின் அடியில் முட்டைகளைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

நிழல் குட்டையைத் தொட்டது. மேகம் தெற்குக் கணவாய் வழியாக இறங்கியது.

முதலில் குளிர்ந்த காற்று ஒன்று அறைந்தது. பிறகு புளியங்கொட்டை அளவு கல் டக் டக் என்று விழுந்தது. கரையில் பொன்னுரங்கம் தோகையை விரித்தான். நெல்லிக்காய் அளவு விழுந்தது. அவன் ஆட்டத்தை நிறுத்தினான். எலுமிச்சம்பழம் அளவு ஒன்று அவன் தோகை நடுவில் விழுந்து நான்கு பீலிகளைப் பிடுங்கிக்கொண்டு போனது.

"ஐயோ" என்றான் பொன்னுரங்கம். மண்டபம் தூரம், எருமை பக்கம். விரித்த தோகையை மடக்கக்கூட நேரமில்லாமல் ஓடி வந்தான்.

"இங்கே இடம் இல்லை" என்றாள் கோமளம். அப்படிச் சொல்லிக்கொண்டே நகர்ந்து இடம் விட்டாள். "தோகையை வெளியே வை. முட்டை மேல் படக் கூடாது. காலைப் பார்த்து. அந்த வெள்ளைக் கல்லைத் தாண்டாதே."

மேலே காத்தாயியின் முதுகில் கல் விழுகிற சத்தம் யாரோ உலக்கையால் குத்துகிற மாதிரி கேட்டது. ஒவ்வொரு குத்துக்கும் அவள் மூச்சு விட்டாள். கால் மட்டும் அசையவில்லை. புளியமரத்தில் இடி விழுந்து ஒரு பெரிய கிளை முறிந்தது. அதன் அடியில் யாரும் இல்லை.

கால் மணி நேரத்தில் கல் நின்று மழை பிடித்தது. குளத்துக்குள் நாலா பக்கமும் தண்ணீர் ஓடி வந்தது. செந்நிறத் தண்ணீர் மேட்டை நோக்கி நுரைத்துக்கொண்டு வர, கோமளம் சிறகை விரித்து முட்டைகளை மூடினாள். தண்ணீரைப் பற்றி அவள் யோசிக்கவே இல்லை. வெயிலில் முட்டை இட்ட யாருக்குத்தான் அந்த யோசனை வரும்?

காத்தாயி மெதுவாகக் காலை எடுத்தாள், ஒவ்வொன்றாக, கல்லைத் தொடாமல். தண்ணீர் வருகிற பக்கம் போய் மேட்டுக்குக் குறுக்கே கரை மாதிரி படுத்துக்கொண்டாள். தண்ணீர் அவள் முதுகில் முட்டி இரண்டாகப் பிரிந்து போனது.

"அக்கா, உங்களுக்கு ஏன் இந்தச் சிரமம்" என்றாள் கோமளம்.

"எருமைக்குத் தண்ணீரில் படுப்பது சிரமமா? முதுகு எரிகிறது, சுகமாக இருக்கிறது. சும்மா இரு."

தண்ணீர் முட்டைக்கு நாலு விரல் கீழே வந்து நின்றது. அந்த நேரத்தில் முதல் முட்டையில் ஒரு கீறல் விழுந்தது. கீறல் வழியாக ஒரு சின்ன மூக்கு எட்டிப் பார்த்தது. பார்த்த உடனே கத்தியது.

"அம்மாவைக் கொண்டு பிறந்திருக்கிறது" என்றான் சாமியப்பன்.

மறுநாள் காலைக்குள் நான்கும் வெளியே வந்து, நீண்ட காலை எடுத்து வைத்துத் தண்ணீர் ஓரமாக நடந்தன. மண்டபத்திலிருந்து எல்லோரும் வந்து பார்த்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் ஒரு காயம் இல்லை. குளம் பாதி நிறைந்திருந்தது. வீரணன் பனை உச்சியிலிருந்து பார்த்துவிட்டு, கொடுத்த வாக்குக்காக வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் கோமளத்துக்கு மாலை போட்டு விட்டிருப்பார்கள். எட்டு நாள் கழித்து மறுபடி இறகு காயவில்லை. மறுபடி மேகம் இரண்டு கணவாய்க்கும் நடுவில் நின்றது. கோமளம் மறுபடி ஒவ்வொரு வீடாக நடந்து போய், அதே தாழ்ந்த குரலில், "வரலாம், பத்துக்கு ஆறு" என்றாள். எல்லோரும் மண்டபத்துக்குள் போனார்கள். முதல் ஆளாகப் போனது பொன்னுரங்கம். தோகையில் ஏழே ஏழு பீலி மிச்சம் இருந்ததால் இந்த முறை அவனுக்கு அதிக இடமும் தேவைப்படவில்லை.

ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். மேகம் வடக்கே போய்விட்டது. இங்கே ஒரு கல் விழவில்லை.

கோமளம் வாசலில் நின்றாள். யாராவது ஏதாவது சொல்லட்டும், திருப்பிக் கொடுக்கலாம் என்று நாக்கைத் தயாராக வைத்திருந்தாள்.

"வரவில்லையே" என்றான் பொன்னுரங்கம் பழக்கதோஷத்தில்.

"வராதது நல்லதுதானே மாமா" என்றது பூவாத்தாளின் நொண்டிக் குட்டி. இப்போது அது நொண்டவில்லை.

"அக்கா, அடுத்த தடவையும் வந்து சொல்லு" என்று சொல்லிவிட்டுப் பூவாத்தாள் புல் மேயப் போனாள். மற்றவர்களும் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். காத்தாயி தண்ணீருக்குப் போகிற வழியில் மேட்டருகே வந்தாள். முட்டை இல்லை, குஞ்சுகளும் தண்ணீர் ஓரம் மேயப் போய்விட்டன, வெறும் கல்தான். இருந்தாலும் வலது காலை வெள்ளைக் கல்லுக்கு இந்தப் பக்கமே வைத்து நடந்தாள்.

ஆகவே, ஆபத்தைச் சொல்கிறவர் தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கு நிதானமாகச் சொல்ல வேண்டும், கேட்கிறவர் ஒதுங்கி நின்று ஒன்றும் நடக்காமல் திரும்பினால் ஏமாந்தோம் என்று நினைக்காமல் பிழைத்தோம் என்று நினைக்க வேண்டும்.